கிரெனடா தீவுக்கு விசா வேணுமா வேணாமா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்கபா

குடியாத்தம் ரோடு:
அக்கா பொண்ணு கரீபியன்ல கிரெனடா தீவுல டாக்டருக்கு படிக்குது, ஜனவரில அக்கா மாமா நான் மூணு பேரும் பத்து நாள் போய் பாத்துட்டு வரலாம்னு இருக்கோம். இங்க ஒரு ஏஜென்ட்டு விசாக்குன்னு தலைக்கு பன்னெண்டாயிரம் கேக்குறாரு, எதிர்வீட்டு பையன் விசாவே வேணாம்ன்றான், எது நெசம்? மாமாக்கு சுகர் வேற, சோத்துக்கு இன்னா பண்றது?

கோட்டை அகழி:
பையன் சொல்றது தான் கரெக்ட்டு. நம்ம பாஸ்போர்ட்டுக்கு அங்க 90 நாள் வரைக்கும் விசா கெடையாது, ரிட்டர்ன் டிக்கெட்டும் தங்குற எடத்து அட்ரஸும் கையில வச்சிக்கோங்க போதும். ஆனா சிக்கல் வழில கீது. நேர் பிளைட்டு கெடையாது, மியாமி நியூயார்க் வழியா போனா ஏர்போர்ட்டு கதவ தாண்டலன்னாலும் அமெரிக்கா விசா இருந்தே ஆவணும். லண்டன் வழின்னா இன்னும் கூத்து, சென்னை பிளைட்டு ஹீத்ரூ ஏர்போர்ட்டுல எறக்கும், தீவுக்கு போறது கேட்விக்னு வேற ஏர்போர்ட்டுல கெளம்பும், ஊருக்குள்ள பூந்து தான் மாறணும், அதுக்கு டிரான்சிட் விசா. மொதல்ல இத பாத்துட்டு டிக்கெட் போடுங்க, ஏஜென்ட்டு இத பத்தி வாயே தொறந்திருக்க மாட்டாரே.

சத்துவாச்சாரி சங்கர்:
நான் ரெண்டு வருஷம் அங்க வேல பாத்தேன். ஜனவரி நல்ல டைம், புயல் சீசன் ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும். பஸ்ஸுன்னா நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி தான், வேன்ல நெருக்கி ஏத்துவாங்க, எறங்கணும்னா கையால வேன் பாடிய தட்டணும், செயிண்ட் ஜார்ஜஸ் டவுன்ல இருந்து கிராண்ட் ஆன்ஸ் பீச்சுக்கு 1ஆம் நம்பர் வேன். ராத்திரிலயும் ஞாயித்துக்கெழமயும் நம்பாதீங்க, டாக்ஸி தான், ஏறுறதுக்கு முன்னாடியே ரேட்டு பேசிடுங்க, அதுவும் எந்த டாலர்னு கேட்டு பேசுங்க. அவங்க ஈஸ்ட் கரீபியன் டாலர் 2.70 சேந்தா தான் ஒரு அமெரிக்க டாலர், நான் மொத நாளே இதுல ஏமாந்தேன்.

சாப்பாட்டுக்கு பயப்படாதீங்க. 1857ல கல்கத்தால இருந்து கப்பல்ல கூட்டிகினு போன கூலி ஜனங்க விட்டுட்டு போன பழக்கம், ரொட்டின்னு போர்டு போட்டிருக்கும், உள்ள உருளைக்கிழங்கு கொண்டக்கடலை கறிய வச்சி மடிச்சி தருவாங்க. ஆயில் டவுன்னு ஒரு சாப்பாடு, சீமப்பலா தேங்காப்பால் மஞ்சள்லாம் போட்டு வேக வப்பாங்க, பொதுவா உப்புக்கறி கலந்திருக்கும், சைவம்னா கேட்டுட்டு வாங்குங்க. மாமா மாத்திரய டாக்டர் சீட்டோட கைப்பைலயே வச்சிக்க சொல்லுங்க.

குடியாத்தம் ரோடு:
சங்கர் அண்ணே ரொம்ப தேங்க்ஸ். நான் மிலிட்டரி டிசைன் பேண்ட்டு ரெண்டு வாங்கி வச்சிகினு இருந்தேன், பீச்சுக்கு ஆவும்னு.

கோட்டை அகழி:
ஐயோ அத வீட்லயே வுட்டுட்டு போபா, அங்க அந்த டிசைன் போட்டா சட்டப்படி தப்பு, குழந்தைங்களுக்கு கூட.

சத்துவாச்சாரி சங்கர்:
ஆமா. அப்புறம் பீச்ல பச்சையா ஆப்பிள் மாதிரி சின்ன காய் வுழுந்து கெடந்தா தொடாதீங்க, மான்சினீல் மரம், காயும் வெஷம் பாலும் வெஷம், மழைக்கு அதுக்கு அடியில ஒதுங்கினா கூட தோலு கொப்புளிக்கும். பிளக்கு மூணு கட்டையா இங்கிலீஷ் டைப்பு, அடாப்டர் வாங்கிக்கோங்க. வர்றப்ப ஜாதிக்காய் ஜாம் ரெண்டு பாட்டில் வாங்கிகினு வாங்க, எனக்கு ஒண்ணு.