முட்டை, கூடை, ஏப்ரல் வெயில்: ஈஸ்டருக்கு முன்னால் சில கைப்பக்குவங்கள்

நரிமேட்டிலிருந்து

ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25ஐத் தாண்டாது. ஐரோப்பாவில் அது பனி விலகும் காலம். மதுரையில் தார் ரோடு இளகும் காலம். அங்கே எழுதிவைத்த செய்முறையை அப்படியே இங்கே செய்தால், சாயம் ஏறிய முட்டை மத்தியானத்துக்குள் கெட்டுப்போகும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு 60 முட்டை, 10 கூடை என்று வைத்துக்கொள்வோம். முட்டை தேர்வதிலிருந்து கூடை பின்னுவது வரை அவரவர் கைப்பழக்கத்தை அளவோடு எழுதுங்கள். கூடவே ஒரு கேள்வி. "எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே" என்று பணம் போடுகிறவர்களிடம் சொல்கிறார்களே, நம்ம ஊர்க் கோழிக்காரர்கள் உண்மையில் ஒரு கூடையில் எத்தனை வைக்கிறார்கள்?

உசிலம்பட்டிப் பக்கம், நாட்டுக்கோழி வளர்ப்பவர்

அவயம் வைக்கையில, அதாவது அடைகாக்க வைக்கையில, சின்ன ஒடம்புக் கோழியான சிறுவிடைக்கு 10, 11 முட்டை. பெரிய ஒடம்புப் பெருவிடைக்கு 13 வரைக்கும் போகலாம். அதுக்கு மேல வச்சா ஓரத்துல கெடக்குற முட்டைக்குச் சூடு எட்டாது. ஓரத்து ரெண்டு முட்டையோட போச்சுன்னு நெனைக்க வேணாம். கோழி முட்டைய உருட்டி மாத்திக்கிட்டே இருக்கும், இன்னைக்கு நடுவுல கெடந்தது நாளைக்கு ஓரத்துக்கு வரும். எல்லா முட்டையும் முறை வச்சுக் குளிர்ந்து, பொரிப்பே பாதியாப் போயிரும்.

அவயக் கூடைக்கு வாய் ஒன்னேகால் அடி, ஆழம் அரையடி போதும். பழைய பனையோலைக் கடகப்பெட்டி நல்லாருக்கும். அடியில மூணு விரக்கடைக்குக் காஞ்ச மணல், அதுக்கு மேல வைக்கோல், நடுவுல லேசான பள்ளம். பள்ளம் சாஸ்தியானா முட்டை ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, கோழி கால் வைக்கையில விரிசல் விடும். தட்டையா இருந்தா உருண்டு ஓரத்துக்குப் போயிரும். வேப்பிலை ரெண்டு கை போடணும், அது பேனுக்கு. பேன் ஏறுன கோழி அவயத்தப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சுரும். இரும்புத் துண்டு, மிளகா வத்தல், கரி போடுறது இடிக்குன்னு பெரியவங்க வழக்கம். போட்டா கெடுதல் ஒண்ணும் இல்ல. ஆனா மழைத்தண்ணி சொட்டாத எடமாப் பாத்து வைக்கிறதுதான் முக்கியம்.

இப்ப வெயில் விஷயம். அவயத்துக்கு எடுத்து வைக்கிற முட்டை தை, மாசியில ஏழு நாள் தாங்கும். பங்குனி, சித்திரையில மூணு நாலு நாளுக்கு மேல வேணாம். கரு ஒழுங்கா வளர 37.5 டிகிரி வேணும். ஆனா 25 டிகிரியத் தாண்டுனாலே அது அரைகுறையா முழிச்சுக்கும். வீட்டுக்குள்ளயே பகல்ல 35, 36 இருக்கு, ராத்திரி எறங்குது. முழிச்ச கரு வளரவும் முடியாம, ஒறங்கவும் முடியாம செத்துப்போகும். பொரிக்காமக் கெட்டுப்போற கூமுட்டை நெறைய இப்படி வர்றதுதான், கோழி மேல குத்தம் இல்ல. ஈர மணல்ல பாதி புதைச்ச மண்பானைக்குள்ள, கூர்முனை கீழ பாக்க அடுக்கி வைங்க. பானைக்குள்ள ஈரம் எறங்கக் கூடாது. முட்டையக் கழுவவே கூடாது. ஓட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கு, கழுவுனா அது போயி, ஓட்டுல இருக்குற ஆயிரக்கணக்கான ஓட்டை வழியா கிருமி உள்ள போயிரும்.

ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்திக்கால் மாதிரி செவப்பு நரம்பு ஓடுனா கரு இருக்கு. வெறும் வெளிச்சமாத் தெரிஞ்சா கருக்கூடாத முட்டை. செவப்பு வளையம் மட்டும் தெரிஞ்சா செத்தது. செத்தத விட்டு வச்சா உள்ள அழுகி, கடைசி வாரத்துல வெடிச்சு மத்த முட்டை மேலயெல்லாம் தெறிக்கும்.

ஒரே கூடைன்னு கேட்டீங்கள்ல. 20 முட்டை இருந்தா ரெண்டு கோழிய ஒரே நாள்ல, தனித்தனி அறையில அவயம் வைக்கணும். பக்கத்து பக்கத்துல வச்சா ஒண்ணோட முட்டைய இன்னொண்ணு இழுத்துக்கும். 21ஆம் நாள் பொரிச்சதும் ராத்திரியில எல்லாக் குஞ்சையும் ஒரு கோழிகிட்ட விட்டுரலாம், அது இருட்டுல கணக்குப் பாக்காது. மறு கோழி சீக்கிரம் முட்டைக்குத் திரும்பிரும். வைக்கையில ரெண்டு கூடை, பொரிச்சப்புறம் குஞ்சுகள மூடி வைக்க ஒரே பஞ்சாரம்.

மேலூரிலிருந்து, தமிழாசிரியர்

அண்ணன் கடைசியாகச் சொன்ன வரி பழமொழியாகவே நிற்கும். "ஒரே கூடை" மேற்கிலிருந்து நமக்கு வந்தது, அதுவும் பெரும்பாலும் சேமிப்பு, பங்கு பற்றிய பேச்சின் வழியாக. நம் வழக்கில் முட்டை வேறு பொருளைச் சுமக்கிறது. "முட்டையிடுற கோழிக்குத்தான் வலி தெரியும்" என்பது உழைப்பவர் பக்கம் நின்று பேசுகிறது. "கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" தாயின் கண்டிப்பைப் பற்றியது. ஒரு முட்டையிட்டு ஊரைக் கூட்டும் கோழியையும், நூறு முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போகும் ஆமையையும் பல வடிவில் ஒப்பிடுவார்கள். கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்குவது பூஜ்யத்தின் வடிவத்தால் வந்தது. "கூமுட்டை" என்று மதுரையில் ஆளைத் திட்டும்போது அதில் நுட்பம் உண்டு. வெளியே முழு முட்டை, உள்ளே கூழ். கூழ்முட்டை தேய்ந்துதான் கூமுட்டை.

கீழவெளி வீதிப் பக்கமிருந்து, மறைக்கல்வி கற்பிப்பவர்

ஈஸ்டருக்கு முட்டை வந்த காரணம் எளிது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழி அதைக் கேட்குமா? பகல் நீள நீள அது கூடுதலாகத்தான் இடும். அதனால் 40 நாளில் வீடு நிறைய முட்டை சேர்ந்துவிடும். அவித்து வைத்து, உயிர்ப்பு நாளில் கொண்டாட்டமாகத் தின்றார்கள். இன்று கத்தோலிக்கச் சட்டப்படி சுத்தபோசன நாளில் இறைச்சிதான் விலக்கு, முட்டைக்குத் தடையில்லை. ஆனாலும் சாம்பல் புதன் தொடங்கி முட்டையைத் தொடாத குடும்பங்கள் இங்கே உண்டு.

கூடைக்கு இரண்டு வழி. போலந்தில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை அன்று முட்டை, ரொட்டி, உப்பு, சாசேஜ், வெண்ணெய் எல்லாம் கூடையில் வைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோய் மந்திரித்து (குருவின் ஆசி பெற்று) வாங்கி, மறுநாள் காலையில் அதிலிருந்துதான் முதல் உணவு. இன்னொன்று ஜெர்மானியர் வழக்கம்: ஈஸ்டர் முயல் முட்டை கொண்டுவரும் என்று 1682லேயே ஒரு மருத்துவ நூல் அந்த வட்டாரக் கதையைக் குறித்திருக்கிறது. முயலுக்காகப் பிள்ளைகள் தொப்பியிலும் புல்லிலும் கூடு கட்டி வைப்பார்கள். பிள்ளைகள் இன்று கையில் தூக்கும் கூடை அந்தக் கூட்டின் மறுவடிவம். உசிலம்பட்டி அண்ணனின் அவயக் கூடையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு புரியும்.

மதுரை ஆலயங்களில் சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பில் புதுத் தீ, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரி, தண்ணீர் மந்திரிப்பு ஆகியவையே மையம். முட்டைக்கு வழிபாட்டில் இடமில்லை, அது வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. குருத்தோலை ஞாயிறு அன்று மீந்த ஓலையில் கூடை பின்ன நினைப்பவர்கள், மந்திரித்த ஓலையை அதற்கு எடுக்க வேண்டாம். அதை வீட்டில் வைத்திருந்து, அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கான சாம்பலுக்குக் கொடுப்பதே முறை.

கோ.புதூரிலிருந்து, வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவர்

சாயத்துக்கு நாமக்கல் வெள்ளை முட்டையே சிறந்தது. நாட்டுக்கோழி முட்டையில் வெளிர் நிறம் எதுவும் தெரியாது. வாங்கி ஐந்து, ஆறு நாள் ஆன முட்டையாக இருக்கட்டும். அன்றைக்கு இட்ட முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து வரும். நாள் ஆக ஆக உள்ளிருக்கும் கரியமிலவாயு வெளியேறி வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும், அப்போதுதான் தோல் சுத்தமாக உரியும்.

செங்கல் நிறத்துக்குச் சின்ன வெங்காயத் தோல். 10 முட்டைக்கு நான்கு கைப்பிடி, ஒரு லிட்டர் தண்ணீர், அரை மணி நேரம் கொதிக்கட்டும். வடிகட்டி ஆறவைத்து, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டு, பச்சை முட்டையைப் போட்டு மெதுவான தீயில் 12 நிமிடம். நல்ல சிவப்பு வேண்டுமானால் அதே தண்ணீரோடு ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். சூடான சாயத்தில் ஃபிரிட்ஜ் முட்டையைப் போட்டால் வெடித்துவிடும். வினிகர் கூடினால் ஓட்டின் சுண்ணாம்பு கரைந்து குமிழ் கிளம்பும், மேற்பரப்பு சொரசொரப்பாகி நிறம் திட்டுத் திட்டாக ஏறும். எலுமிச்சை பிழிகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, அதில் அளவு பிடிபடாது.

மஞ்சளுக்கு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள்தூள். மஞ்சள் ஏறிக் காய்ந்த, ஊதி வெறுமையாக்கிய ஓட்டின் மேல் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குச்சியால் தொட்டு வரைந்தால் கோடு சிவந்து வரும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பது போலத்தான். சுண்ணாம்பு காயக் காயச் சிவப்பு மங்கும், ஆகவே கொடுக்கும் அன்று வரையுங்கள். நீலத்துக்கு ஊதா முட்டைக்கோஸ்: வினிகர் விட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம், ஓட்டில் நீலமாகவே ஏறும். பீட்ரூட்டை நம்பாதீர்கள், ஈரத்தில் அழகாக இருந்து காய்ந்ததும் மண் நிறமாகிவிடும். இலை அச்சுக்குக் கொத்தமல்லித் தழையை ஓட்டில் ஒட்டி, மெல்லிய மல் துணியால் இறுக்கி நூல் கட்டிச் சாயத்தில் போடலாம். துணி தளர்ந்தால் அச்சு கலங்கும். கடைசியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு வரும்.

கோலப்பொடியும் துணிச்சாயமும் வேண்டவே வேண்டாம். ஓடு நுண்துளை உள்ளது, தின்கிற முட்டைக்குத் தின்கிற சாயம்தான்.

தோட்டத்தில் ஒளித்துவைக்கிற முட்டையை அவித்த முட்டையாக வைக்காதீர்கள். அவித்த முட்டை வெளியே இரண்டு மணி நேரம் தாங்கும், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஏப்ரலில் காலை ஒன்பது மணிக்கே அந்த எல்லை வந்துவிடும். ஒளிக்க வெற்று ஓடு எடுங்கள். இரு முனையிலும் ஊசியால் துளை, அகன்ற முனையில் சற்றுப் பெரிதாக. கம்பியை விட்டு மஞ்சள்கருவைக் கலக்கி, சின்னத் துளை வழியாக ஊதி, தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் விட்டு அலசிக் கவிழ்த்துக் காயவையுங்கள். வெற்று ஓடு சாயத்தில் மிதக்கும், துளை வழியே சாயத்தண்ணீரை உள்ளே நிரப்பினால் அமிழும். 10 முட்டையில் கிட்டத்தட்ட அரை லிட்டர் கரு கிடைக்கும், அதை அன்றே ஆம்லெட்டாகவோ கேக்காகவோ வேகவைத்துவிடுங்கள்.

பேக்கரியில் விற்கும் முட்டை வடிவ முந்திரி இனிப்பை வீட்டில் செய்ய: முந்திரிப்பொடி 250 கிராம், ஐசிங் சர்க்கரை 250 கிராம், பன்னீர் இரண்டு மேசைக்கரண்டி, அதுவும் துளித்துளியாக. முந்திரியை விட்டு விட்டு அரைக்க வேண்டும். மிக்ஸி சூடானால் எண்ணெய் கக்கி மாவு வழுக்கும், அப்புறம் உருவம் நிற்காது.

திருப்புவனம் பக்கமிருந்து, ஓலைக் கொட்டான் முடைபவர்

கொட்டான் என்ற சிறு ஓலைக்கூடைக்குப் பனங்குருத்தோலை. நிழலில் இரண்டு நாள் வாட விட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரு சென்டிமீட்டர் அகலக் கீற்றாகக் கிழியுங்கள். அகலம் கூடக்குறைய இருந்தால் மூலை கோணும். அடிக்கு நீளவாக்கில் 14, குறுக்கே 14. அதில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது முட்டை உட்காரும். ஆனால் கேட்டது ஆறு முட்டைக்குத்தானே, ஆறை வைத்து இடைவெளியில் வைக்கோல் திணித்தால் ஆடாது. ஓலை நீளம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, சுவரும் விளிம்பு மடிப்பும் அதற்குள் வர வேண்டும்.

ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பதமாக முடையுங்கள். உலர்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். தண்ணீரில் ஊறிய ஓலையில் முடைந்தால் முடையும்போது நெருக்கமாகத் தெரியும், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். கைப்பிடியை விளிம்பில் மட்டும் கோத்தால் பிள்ளை ஓடும்போது பிய்த்துக்கொண்டு வரும். அடியைச் சுற்றி வந்து மறுபக்கம் ஏற வேண்டும், பாரம் அடியில் விழட்டும். சாயம் போட்ட கொட்டானில் ஈர முட்டையை வைத்தால் இரண்டு சாயமும் கலக்கும்.

மாட்டுத்தாவணிப் பக்கம், முட்டை வியாபாரம் பார்ப்பவர்

அட்டைக்கு 30, பெட்டிக்கு ஏழு அட்டை, 210. 60 முட்டைக்கு இரண்டு அட்டை வாங்கினால் சரியாக வரும் என்று நினைக்காதீர்கள், அவிக்கும்போது விரிசல் விடும். 70ஆக வாங்குங்கள். அகன்ற முனை மேலே இருக்கட்டும், காற்றறை அங்கேதான் இருக்கிறது. பழசா என்று பார்க்கத் தண்ணீரில் போடுங்கள்: படுத்தால் புதுசு, அகன்ற முனை தூக்கினால் சில நாள் ஆனது, மிதந்தால் தூக்கிப் போட வேண்டியது. நாள் ஆக ஆக உள் ஈரம் ஆவியாகிக் காற்றறை பெருக்கும், அதனால்தான் மிதக்கிறது. புதூர் அக்கா சொல்கிற பதத்துக்குப் படுத்தபடி லேசாக முனை தூக்குகிற முட்டைதான்.

பைக்கில் கூடையில் கொண்டுபோனால் அடியில் நெல் உமி நாலு விரல், அடுக்குக்கு நடுவே உமி, மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். முட்டை பாரத்தில் உடைவது குறைவு, ஒன்றோடொன்று உரசி உருள்வதில்தான் விரிசல். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் நம்ம ஊர்க் காற்றில் வியர்க்கும். அந்த ஈரத்தோடு சாயத்தில் முக்கினால் திட்டு விழும், கிருமியும் உள்ளே இழுக்கும். துடைக்காமல் காற்றாட அரை மணி நேரம் வையுங்கள்.

நரிமேட்டிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஒளிப்பதற்கு வெற்று ஓடு என்பதால் கெடுமோ என்ற கவலை போனது. முந்திரி முட்டையைத் தோட்டத்தில் வைத்தால் எறும்பு மொய்க்குமா?

கோ.புதூரிலிருந்து

பத்து நிமிடத்தில் மொய்த்துவிடும் தம்பி. முந்திரி முட்டையைக் கூடையிலேயே கொடுத்துவிடுங்கள், பட்டர் பேப்பரில் சுற்றி. வெற்று ஓட்டையும் அணிலும் காகமும் உருட்டிக்கொண்டு போகும், அதனால் பிள்ளைகள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒளித்தால் போதும். எங்கெங்கே வைத்தோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 40 வைத்தால் 40ம் எண்ணித் திரும்ப வர வேண்டும், புல்லுக்குள் கிடக்கும் உடைந்த ஓடு வெறுங்காலைக் கீறிவிடும்.