புதுப்பிப்பு: கோல்ஃப் போட்டியில பட் அடிக்கும்போது கை இறுகுறது பத்தி

ப்ராக்டிஸ்ல அசால்ட்டா போடுற நாலடி தூர பட் (பந்த குழிக்குள்ள உருட்டி விடுற அடி), போட்டின்னா மட்டும் ஏன் கை இறுகிப்போகுதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எனக்கு நிஜமாவே கைகொடுத்தது மூச்சுதான். பந்துகிட்ட போறதுக்கு முன்னாடியே, உள்ள இழுத்ததைவிட நீளமா வெளிய விடுறேன், தோள் தானா இறங்குது, க்ரிப்பும் லூசாகுது, அப்புறம் பந்தோட பின்பக்கத்துல ஒரு சின்ன புள்ளிய பாத்துக்கிட்டே அடிக்கிறேன், பந்து போன பிறகும் கண்ணு அங்கேயேதான், குழியில விழுற சத்தம் கேட்டாதான் தலைய தூக்குறது. ப்ராக்டிஸோ போட்டியோ, குழி அகலம் எங்க ஆடினாலும் அதே 4.25 இன்ச்தானே.

"நல்லா டைம் எடுத்து ஆடு"ன்னு சிலர் சொன்னதுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. 2019ல வந்த கோல்ஃப் ரூல்ஸே ஒரு ஷாட்ட 40 செகண்டுக்குள்ள ஆடச் சொல்லுது, அதுவும் போக நின்னு யோசிக்க யோசிக்கத்தான் பயம் ஏறுது.

கோல்ஃப் வீரர் ரோரி மெக்கில்ராய் பத்தியும் பேச்சு வந்துச்சு. 2011 மாஸ்டர்ஸ்ல (கோல்ஃபோட பெரிய போட்டிகள்ல ஒண்ணு) கடைசி நாள் நாலு ஷாட் முன்னிலையோட ஆரம்பிச்சு, அன்னைக்கு 80 ஷாட் எடுத்து கோட்டை விட்டாரு. 2025ல அதே மாஸ்டர்ஸ்ல கடைசி ஹோலான 18ஆவதுல சின்ன பட் மிஸ்ஸாகி, ஸ்கோர் சமமாகி ப்ளேஆஃப், உடனே அதே ஹோலுக்கு திரும்பப் போய் பேர்டி (ஹோலுக்கான கணக்கைவிட ஒரு ஷாட் கம்மி) போட்டு ஜெயிச்சாரு பாருங்க, அந்த மனசுதான் வேணும் எனக்கு!

முதல் டீயில (முதல் ஹோல ஆரம்பிக்கிற இடம்) டிரைவர் (தூரமா அடிக்கிற மட்டை) எடுக்கும்போது வர்ற நடுக்கம் இன்னும் போகல, அதுக்கு வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.