மூடி, கூடு, உறை: இன்சுலின் பேனாவுக்கு மூன்று சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம். இன்சுலின் பேனா ஊசியின் பாகங்களுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஊசியைக் காக்கும் எல்லாவற்றையும் ‘ஊசி மூடி’ என்றே சொல்லிவிடலாம். எளிமையாக இருக்கும்.

இழையில் வந்த இந்த வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எளிமையால் என் அத்தை ஒன்பது நாள் பட்ட பாட்டை அருகில் இருந்து பார்த்தவன் நான்.

அத்தைக்கு வயது எழுபத்திரண்டு. கார்ட்ரிட்ஜ் (மருந்து நிரம்பிய சிறு குழல்) மாற்றிப் போடும் இன்சுலின் பேனாவுக்கு, அதாவது பேனா வடிவ ஊசிக் கருவிக்கு, புதிதாக மாறியிருந்தார். மருந்து ஏற ஏறச் சர்க்கரையும் ஏறிக்கொண்டே போனது. ஃபோனில் கேட்டேன். “அத்தை, மூடியைக் கழட்டிட்டுத்தானே போடுறீங்க?” “கழட்டாம எப்படிக் கண்ணு போடுவேன்?” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நேரில் போனபோதுதான் தெரிந்தது. பெரிய மூடியைக் கழற்றியிருக்கிறார். அதற்குள் ஊசிமேல் ஒட்டி நின்ற மெல்லிய குழாயை ஊசியின் பகுதி என்றே நினைத்துவிட்டார். அதை வயிற்றில் அழுத்தி, பத்து எண்ணி எடுத்திருக்கிறார். மருந்து குழாய்க்குள்ளேயே வழிந்து நின்றது. போடுவதற்கு முன் 2 யூனிட் வைத்து, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தி, முனையில் துளி வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். யாரும் சொல்லவில்லை. நானும் ‘மூடி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டுதான் ஒன்பது நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2019இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே சில ஊசிகளில் உள்ளே தனியாகக் கழற்ற ஒன்றும் இருக்காது. காப்பு தானாகவே விலகி, தானாகவே மூடிக்கொள்ளும். அதில் பழகியவர்கள் சாதாரண ஊசிக்கு வரும்போது உள்ளே இருப்பதைக் கழற்றுவதில்லை. உயிரிழப்பு வரை போயிருக்கிறது.

ஆகவே பொருள் மூன்று, சொல்லும் மூன்று வேண்டும். ‘வெளி மூடி, உள் மூடி’ என்று அடைமொழியால் பிரித்தால் போதாதா என்று கேட்கலாம். பேச்சில் அடைமொழிதான் முதலில் உதிரும். தலைச்சொல்லே வேறாக இருந்தால் உதிர்வதற்கு எதுவும் இல்லை.

பேனாவையே மூடுவது பேனா மூடி. இதில் விவாதமே வேண்டாம், பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

ஊசியைப் பேனாவில் திருகும்போது விரலால் பிடிக்கும் கெட்டியான பெரிய மறைப்புக்கு கூடு. கண்ணாடிக்கூடு என்கிறோம் அல்லவா? ஒரு பொருள் உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போகும் இடம் அது. இங்கும் அதே வேலைதான். போட்டு முடித்ததும் ஊசியை இதற்குள் சேர்த்துத்தான் திருகிக் கழற்றுகிறோம்.

ஊசியோடு ஒட்டி நிற்கும் மெல்லிய குழாய்க்கு உறை. முதலில் எனக்குக் ‘குப்பி’ என்று வைக்கத்தான் ஆசை. பொங்கலுக்கு மாட்டின் கொம்பு நுனியில் மாட்டும் பித்தளைக் குப்பியைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். ஆனால் மருந்துக் குப்பி என்று, ஊசி மருந்து வரும் சிறு கண்ணாடிப் புட்டிக்கு (vial) அந்தச் சொல் முன்பே போய்விட்டது. அதுவும் இன்சுலினில்! நம் ஊர்க் குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். அங்கே போய்க் குழப்பம் சேர்க்கக் கூடாது. ‘உறை’யிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘இன்சுலினை உறைய விடாதீர்கள்’ என்றும் எழுதியாக வேண்டும். அது வினை, இது பெயர் என்பதால் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். தயங்குபவர்கள் ‘ஊசியுறை’ என்று சேர்த்தே எழுதலாம்.

அடுத்தது வடிவமைப்பு. கை குத்தாமல் காக்கும் ஊசி மறைப்பை ‘பாதுகாப்பான தொப்பி’ என்று சொல்லி, அதற்கு ஒரு சொல் வேண்டும் என்று இழையில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அதற்கு நேரடியாகச் சொல் வைப்பதைவிட, எந்த ஆபத்திலிருந்து காக்கிறது என்று பார்த்து வைக்கலாம். தனக்குத்தானே போட்டுக்கொள்பவரைவிட, அவருக்குப் போட்டுவிடும் மருமகளுக்கோ நர்ஸுக்கோதான் கை குத்தும் ஆபத்து பெரிது. தொற்றுள்ள ரத்தம் படிந்த ஊசி குத்தினால் ஹெச்ஐவி வர ஏறத்தாழ 0.3 விழுக்காடு வாய்ப்பு; தடுப்பூசி போடாதவர்களுக்கு ஹெபடைடிஸ் பி வர 6 முதல் 30 விழுக்காடு வரை. ஒரு கையில் ஊசி, மறு கையில் கூடு என்று பிடித்து எதிரெதிரே கொண்டுவருவதுதான் குத்து விழும் தருணம். கூட்டை மேசையில் வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து அள்ளி எடுப்பது நர்ஸுகளுக்குச் சொல்லித் தரும் முறை. இதற்கு ஒருகை அள்ளல் என்று பெயர் வைக்கலாம்.

ஆனால் கூடு உருண்டு ஓடினால் அள்ள முடியாது. அடி தட்டையாக, வாய் புனல்போல் விரிந்து, தானே நிமிர்ந்து நிற்கும் கூடு இருந்தால் மறு கை மேசைக்கே வர வேண்டாம். அதற்கு நிலைக்கூடு என்பது என் பரிந்துரை. சர்க்கரையால் விரல் மரத்துப்போனவர்களுக்குப் பிடிமானமாகப் பக்கவாட்டில் வரிகள் வேண்டும். உறை கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்க வேண்டும். தானே மூடிக்கொள்ளும் வகைக்குத் தன்மூடி ஊசி எனலாம்.

போட்டு முடித்த ஊசியை மறுபடி மூடுவதற்கு ‘மறுமூடல்’ என்று இழையில் ஒருவர் முன்வைத்த சொல்லைச் சிரிஞ்சுக்கு வைத்துக்கொள்வோம். பேனாவுக்குக் கூடு சேர்த்தல் என்றே எழுதலாம். திரும்ப மாட்ட வேண்டியது கூட்டை மட்டும்தான், உறையை அல்ல என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடும்.

இப்போது அத்தையிடம் “கூட்டையும் எடுத்தாச்சா, உறையையும் எடுத்தாச்சா?” என்று கேட்கிறேன். இரண்டையும் தட்டில் போட்டு, தட்டும் ஓசை எனக்குக் கேட்கும்படி ஃபோன் பக்கத்தில் வைக்கிறார்.

நிலைக்கூட்டுக்கு இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன். உறையை மட்டும் மறுபடி மூடி ஆக்கிவிடாதீர்கள்.