புதுப்பிப்பு: எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போய்த் திரும்பினோம்

நண்பர்களோடு எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்கையில் உயரத்துக்கு உடல் பழகுவதற்காக, வழியிலுள்ள ஊர்களான நாம்சே பஜாரிலும் திங்போச்சேயிலும் கூடுதலாக ஓர் இரவு தங்கத்தான் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கட்டாயம் தங்க வேண்டும் என்பதே இப்போது என் உறுதியான பதில். 4,410 மீட்டர் உயரத்திலுள்ள திங்போச்சேயில் எங்களுள் ஒருவர் உயரத்தால் வந்த தலைவலியும் குமட்டலும் தாளாமல் பூண்டு சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தபோது, வழிகாட்டி அவரை மேலே ஏற விடவில்லை. மறுநாள் ஓய்வில் வலி முற்றிலும் நீங்கியதால்தான் அனைவரும் சேர்ந்தே 5,364 மீட்டர் உயரத்திலுள்ள முகாமை எட்டினோம். நீங்காமல் வலி கூடியிருந்தால் கீழே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை, அதில் யாரும் வீம்பு பிடிக்கக் கூடாது. முகாமிலிருந்து எவரெஸ்ட் சிகரம் தெரியாது என்பதால், அதைக் காண விரும்புவோர் முகாமுக்கு முன்னுள்ள கடைசி ஊரான கோரக் ஷெப்பிலிருந்து விடியுமுன் காலாபத்தர் குன்றில் ஏற வேண்டும். தண்ணீர் உறைந்துவிடாதபடி பாட்டிலை மேலங்கிக்குள் வைத்துக்கொள்வது நல்லது.