கால் அடிக்கிறேன், உடல் நகர மறுக்கிறது

எனக்கு 42 வயது. சென்னையில் ஒரு 25 மீட்டர் குளத்தில் ஒன்றரை வருடமாக, வாரம் மூன்று நாள் நீந்துகிறேன். ஃப்ரீஸ்டைலில் ஒரு நீளம் 30 விநாடி. கிக்போர்டை (கையில் பிடிக்கும் மிதவைப் பலகை) பிடித்துக் கால் மட்டும் அடித்தால் அதே தூரத்துக்கு 1 நிமிடம் 20 விநாடி ஆகிறது. பாதி வழியிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது.

பாதத்தில் ஃபின்ஸ் (நீச்சல் துடுப்பு) மாட்டினால் 35 விநாடியில் போய்விடுகிறேன், கழற்றினால் பழைய கதைதான். அதனால் கணுக்கால் மேல்தான் சந்தேகம். பத்து வருடம் ஓடியவன் நான். மண்டியிட்டுப் பாதத்தை நீட்டிக் குதிகால் மேல் உட்கார இன்னும் முடியவில்லை. தண்ணீரிலும் பாதம் கொக்கி மாதிரி மடங்கியே நிற்கிறது.

மூன்று மாதமாகத் தினமும் கணுக்காலை நீட்டும் பயிற்சி செய்கிறேன். ஆழமான பக்கத்தில் நின்றவாக்கில் 30 விநாடி கிக், இடுப்பிலிருந்து சின்னச் சின்னதாக அடிப்பது, எல்லாம் பார்த்தாயிற்று. கிக் நேரம் 5 விநாடிதான் குறைந்திருக்கிறது. வீடியோவில் பார்த்தால் சைக்கிள் மிதிப்பது போல முட்டி மடங்குகிறது. பயிற்சியாளர் “இன்னும் வேகமா அடிங்க சார்” என்கிறார். வேகம் கூட்டினால் முட்டி இன்னும் மடங்குகிறது.

நாற்பதுக்கு மேல் கணுக்கால் இறுக்கத்தைத் தளர்த்தி கிக் வேகத்தைக் கூட்டியவர்கள், எந்தப் பயிற்சியை வாரம் எவ்வளவு நேரம் செய்தீர்கள்?