பிட்மாஸ்க்: முகமூடியா, சல்லடையா?

> சி மொழிக் கையேட்டில் ‘ஃபிளாக்’ என்பதற்குக் கொடி, ‘பிட்மாஸ்க்’ என்பதற்கு பிட் முகமூடி என்று போட்டிருக்கிறேன். ஃபைல் திறக்கும் கொடிகளை எண்ணிலிருந்து பெயராகவும், பெயரிலிருந்து எண்ணாகவும் மாற்றும் அத்தியாயம் அது. ஆட்சேபம் உண்டா?
> (களியக்காவிளை)

ஐயா, வணக்கம்.

ஒரு வசதி உண்டா இல்லையா என்று காட்டும் பிட்டுக்குக் கொடி என்ற பெயர் இருக்கட்டும். துணி காயப்போடுவதும் கொடிதான், முல்லையும் கொடிதான். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். முகமூடிதான் இடிக்கிறது. ஆங்கிலத்தில் மாஸ்க் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பல கொடிகளை ‘அல்லது’ (|) போட்டுச் சேர்த்த எண்ணும் மாஸ்க், அந்த எண்ணிலிருந்து வேண்டிய பிட்களை மட்டும் எடுக்கும் எண்ணும் மாஸ்க். முதலாவதைக் ‘கூட்டெண்’ என்போம். இரண்டாவது சல்லடை. இங்கே கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் மலையாளத்தில் ‘அரிப்ப’ என்பார்கள், அதே வேலை: ஓட்டை உள்ள இடத்தில் இறங்கும், மற்றது நிற்கும். 1 என்பது ஓட்டை, 0 என்பது அடைப்பு.

ஏன் இரண்டு சொல் வேண்டும் என்பதற்கு லினக்ஸ், எக்ஸ்86-64 கணினியிலிருந்து ஒரு எண். புராக் அடைவில் எஃப்டிஇன்ஃபோ, அதாவது திறந்திருக்கும் ஃபைலின் நிலவரக் குறிப்பு, காட்டும் கொடிகள்: 0102001. அது எட்டடிமான எண்; படிக்கும்போது அடிமானம் 8 என்று சொல்லாவிட்டால் கதை கந்தல். இதைச் சல்லடை 3-இல் (கடைசி இரண்டு பிட் மட்டும் ஓட்டை) சலித்தால் 1 வரும்: எழுத மட்டும். 02000 அப்பெண்ட், கடைசியில் சேர்த்து எழுதுவது. மிச்சம் 0100000, அது லார்ஜ்ஃபைல், பெரிய ஃபைல்களுக்கான கொடி. 64 பிட் கர்னல் (இயங்குதளத்தின் கரு) அதைத் தானே போட்டுக்கொள்கிறது. ஆனால் அதே கணினியில் ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் ஹெடரில் லார்ஜ்ஃபைலின் மதிப்பு 0! ஆகவே கொடிப் பெயரும் எண்ணும் உள்ள அட்டவணையில் அதைச் சேர்த்து ‘(எண் & கொடி) == கொடி’ என்று சோதித்தால் எல்லா ஃபைலுக்கும் லார்ஜ்ஃபைல் என்று அச்சாகும். உண்மையான அந்த பிட் மட்டும் பெயரில்லாமல் கிடக்கும். மதிப்பு 0 உள்ள வரிகளைத் தாண்டிவிட வேண்டும். கடைசியில் மிஞ்சும் பிட்களை எட்டடிமானத்தில் அப்படியே அச்சிட வேண்டும், விழுங்கக் கூடாது.

படிக்க மட்டும் 0, எழுத மட்டும் 1, இரண்டும் 2. இவை கொடிகளே அல்ல, இரண்டு பிட்டுக்குள் இருக்கும் ஒரு எண். ‘படிக்க | எழுத’ என்று சேர்த்தால் 1தான் வரும், ரீட்ரைட் வராது. இந்தப் பிழை எத்தனை முறை வந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. இதற்குத் ‘திறப்பு வகை’ என்று தனிச் சொல் வையுங்கள். ‘அணுகுமுறை’ வேறு பொருளில் ஊன்றிவிட்டது.

எழுதியது வட்டில் சேரும்வரை காத்திருக்கச் சொல்லும் சிங்க்கும் டிசிங்க்கும் இன்னொரு குழி. டிசிங்க் 010000, சிங்க் 04010000. பெரியதற்குள் சிறியது இருக்கிறது. ‘& பூஜ்யம் இல்லையா’ என்று மட்டும் பார்த்தால் டிசிங்க் ஃபைல் சிங்க் என்று பொய் சொல்லும். சமம் பார்க்க வேண்டும், பெரியதை முதலில் எடுத்து அதன் பிட்களை அழிக்க வேண்டும். டெம்ப்ஃபைல் (பெயரில்லாத தற்காலிக ஃபைல்) கொடிக்குள் டைரக்டரி கொடி இருப்பதும் இதே கதை.

எண்களை அட்டவணையில் நேராக எழுத வேண்டாம், ஹெடர் பெயரையே போடுங்கள். 0200000 என்பது எக்ஸ்86-இல் டைரக்டரி, ஆர்ம் செயலியில் டைரக்ட்.

(கொழிஞ்சாம்பாறை)

---

தம்பி, கூட்டெண்ணும் திறப்பு வகையும் எடுத்துக்கொண்டேன். சல்லடையில் ஒரு சிக்கல். புது ஃபைலுக்குக் கொடுக்கக் கூடாத அனுமதிகளைச் சொல்லும் யூமாஸ்க் என்ன ஆகும்? அங்கே 1 என்றால் அடைப்பு. 0666 கேட்டு யூமாஸ்க் 022 இருந்தால் கிடைப்பது 0644. உம் சல்லடைக்கு நேர் எதிர்.

---

சரிதான் ஐயா. அதற்குச் சல்லடை பொருந்தாது. ‘தடையெண்’ என்று பிரித்துவிடலாம். உங்கள் முகமூடிகூட அங்கேதான் கொஞ்சம் பொருந்தும்.

பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் பகுதியில் ஒன்று: ‘|’ வைத்துப் பிரித்து, இருபுறமும் இடைவெளி நீக்கி, தெரியாத பெயர் வந்தால் பிழை என்று நிறுத்துங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் எக்ஸ்க்ளூசிவ் (ஏற்கெனவே இருந்தால் திறக்காதே) என்பதில் ஓர் எழுத்துப் பிசகி, இருக்கிற ஃபைலையே திறந்துவிடும். திறப்பு வகை இரண்டு முறை வந்தாலும் பிழைதான். மேலும், கிரியேட் (இல்லாவிட்டால் உருவாக்கு), ட்ரங்கேட் (இருப்பதைக் காலியாக்கு) இரண்டையும் கர்னல் திறந்தவுடன் கழற்றிவிடுகிறது. ஆகவே கொடுத்த பெயர்ப் பட்டியலும் பிறகு எஃப்டிஇன்ஃபோவில் கிடைக்கும் பட்டியலும் ஒத்துப்போகாது. சோதனை நிரலில் அதைப் பிழையாக எண்ண வேண்டாம்.