சுவரோரம் ஐந்து அடி

கோத்தகிரி வீடு (குடும்பக் குழு)
2025 ஜூன் 7, சனிக்கிழமை

[மாலை 6:48] வனிதா: அம்மா, ஒரு விஷயம். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். போன தடவை கலிபோர்னியா வந்தபோது எங்கள் ஜன்னலுக்குக் கீழே நீ நட்ட மல்லிகைக் கொடியை இன்று எடுக்கப் போகிறோம்.

[மாலை 6:50] அம்மா: ஏன்டி? பூச்சி விழுந்துவிட்டதா? போன மாதம்தானே தட்டு நிறையப் பூ பறித்து போட்டோ அனுப்பினாய்.

[மாலை 6:53] வனிதா: செடி நன்றாக இருக்கிறது. அதனால்தான் மனசே வரவில்லை. ஆனால் வெளியே பார்த்தால்தான் பச்சை. உள்ளே கையை விட்டால் எல்லாம் காய்ந்த இலை, குச்சி. அது ஏறியிருப்பது மரச்சட்டம், அதற்குப் பின்னால் மரச்சுவர். காட்டுத்தீயில் இருந்து பறந்து வரும் ஒரு கங்கு விழுந்தால் போதும்.

[மாலை 6:55] செந்தில்: காடு உங்கள் வீட்டில் இருந்து தள்ளித்தானே அக்கா இருக்கிறது? அப்படியே தீ வந்தாலும் தண்ணீர் வண்டி, ஹெலிகாப்டர் எல்லாம் வருமே.

[இரவு 7:01] கார்த்திக்: செந்தில், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தீ தரையோடு நடந்து வந்து வீட்டைப் பிடிக்கும் என்று. பல வீடுகள் அப்படிப் போவதில்லை. காற்று கங்குகளை ஒரு மைலுக்கு அப்பாலும் தூக்கி வந்து போடும். அது கூரை ஓரத்துச் சருகிலோ வாசல் கால்மிதியிலோ விழுந்து கனன்றுகொண்டே கிடக்கும். இந்த ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காற்று அடித்த அடியில் ஹெலிகாப்டர்களையே தரையிறக்க வேண்டியதாகிவிட்டது. பாலிசேட்ஸ், ஈட்டன் இரண்டு தீயிலும் சேர்த்து 16,000-க்கும் மேல் கட்டடங்கள் போயின. எரிகிற வீடே அடுத்த வீட்டுக்குக் கங்கு கொடுக்கிறது.

[இரவு 7:06] அப்பா: மாப்பிள்ளை, உங்கள் ஓரிண்டா தெருவுக்கு மேலே கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) நின்றதே, அதைப் பார்த்தீர்களா? இங்கே தைலம் காய்ச்சுகிறவர்கள், தைலம் எடுத்து முடித்த இலையைக் காயவைத்து அதையே அடுப்புக்குப் போடுவார்கள். தைலம் போன இலையே அந்த எரி எரியும். தைலத்தோடு இருக்கிற இலை எப்படி எரியும்?

[இரவு 7:10] கார்த்திக்: சரியாகச் சொன்னீர்கள் மாமா. 1991 அக்டோபரில் எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், ஓக்லாந்து மலையில் அதுதான் நடந்தது. முதல் நாள் அணைத்துவிட்ட புல் தீ மறுநாள் காற்றில் மறுபடி பிடித்துக்கொண்டது. 25 பேர் இறந்துபோனார்கள். கற்பூர மரப் பட்டை நீளநீளமாக உரிந்து கிடக்கும், எரிந்துகொண்டே பறக்கும். எங்கள் எல்லைக்குள் விழுந்து கிடப்பதை எல்லாம் போன வாரமே வாரிவிட்டேன்.

[இரவு 7:13] அப்பா: நல்லது. ஆனால் சரிவை மொட்டை அடித்துவிடாதீர்கள். 2009 நவம்பரில் இங்கே மண் சரிந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். வேர் இல்லாத மலை மழைக்கு நிற்காது.

[இரவு 7:19] வனிதா: வேரைத் தொடவே இல்லை அப்பா. புல்லைப் பிடுங்கவில்லை, நாலு அங்குலம் விட்டு வெட்டுகிறோம். ஓக் மரங்கள் அப்படியே நிற்கும். தரையில் இருந்து ஆறு அடி உயரம் வரைக்கும் கிளைகளை மட்டும் கழிக்கிறோம். புல்லில் பிடித்த தீ புதருக்கு ஏறும், புதரில் இருந்து தாழ்ந்த கிளைக்கு, அப்புறம் உச்சிக்கு. அது ஏறுகிற ஏணியைத்தான் எடுக்கிறோம். வீட்டைச் சுற்றி நூறு அடிக்கு இது எங்கள் பொறுப்பு, சட்டமே இருக்கிறது. கீழ்ச்சரிவில் புல்லை மேய ஆட்டு மந்தையை வரச் சொல்லியிருக்கிறோம். பாப்பா ஆடு எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள்.

[இரவு 7:21] அம்மா: நூறு அடியில் என் கொடிதான் கண்ணில் பட்டதா?

[இரவு 7:27] வனிதா: அம்மா, சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பற்றுகிற பொருள் எதுவும் அதில் இருக்கக் கூடாது என்று 2020-இலேயே சட்டம் வந்துவிட்டது. எது எது கூடாது என்ற விதிகளைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனியும் அந்தக் கொடியைப் போட்டோ எடுத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் இல்லை. அந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் பாப்பாவின் கட்டில் இருக்கிறது. கொடி எரிந்தால் சூட்டில் கண்ணாடி வெடிக்கும். அப்புறம் தீ நேரே உள்ளே.

[இரவு 7:28] அம்மா: இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா. எடுத்துவிடு. அந்த மரச்சட்டத்தையும் கழற்றி எடுத்துவிடு.

[இரவு 7:30] அம்மா: வேறு என்ன இருக்கிறது சுவரோரம்? நான் இருந்தபோது விறகு அடுக்கி வைத்திருந்தீர்களே?

[இரவு 7:34] கார்த்திக்: அதை முப்பது அடிக்கு அப்பால் மாற்றிவிட்டேன் அத்தை. செடிகளுக்குக் கீழே போட்டிருந்த மரப்பட்டைத் துண்டுகளையும் அள்ளிவிட்டு ஜல்லி கொட்டப் போகிறேன். பரண் காற்றுத்துளைகளுக்குப் பொடிக்கண்ணி வலை வாங்கியாயிற்று. கங்கு அதன் வழியாக நுழைந்தால் வீடு உள்ளே இருந்து எரியும், வெளியில் யாருக்கும் தெரியாது.

[இரவு 7:36] செந்தில்: இன்றைக்கே எல்லாம் முடிந்துவிடுமா மாமா?

[இரவு 7:41] கார்த்திக்: முடியாது. புல் வெட்டுவதைக் காலை பத்து மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு கத்தி கல்லில் பட்டால் அந்தப் பொறியே போதும். 2018-இல் குளவிக் கூட்டை அடைக்க ஒருவர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார். அதில் பறந்த பொறிதான் இங்கே ராஞ்ச் என்ற காட்டுத்தீ ஆனது. நாலு லட்சம் ஏக்கருக்கும் மேல் எரிந்தது. இப்போது இங்கே காலை மணி ஏழு பத்து. நான் இறங்குகிறேன்.

[இரவு 7:44] அப்பா: தண்ணீர்க் குழாயை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. நம் வீட்டுப் பின்பக்கமும் உண்ணிச்செடி சுவர் வரைக்கும் வந்துவிட்டது. பச்சையாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மாசி பிறந்தால் அது வெறும் சுள்ளி. மழை விட்டதும் ஆள் கூப்பிடுகிறேன்.

[இரவு 7:46] செந்தில்: ஆள் வேண்டாம் அப்பா. தீபாவளிக்கு வரும்போது நானே வெட்டிவிடுகிறேன்.

[இரவு 7:49] அம்மா: வனிதா, கொடியை எடுப்பதற்கு முன்னால் முற்றின தண்டாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து குச்சி வெட்டிக்கொள். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். தொட்டியில் நட்டு நிழலில் வை.

[இரவு 7:50] வனிதா: சரி அம்மா. வேலி ஓரம், குழாய்க்குப் பக்கத்தில் வைக்கிறேன். வீட்டில் இருந்து நாற்பது அடி இருக்கும்.

[இரவு 7:51] அம்மா: தினமும் தண்ணீர் ஊற்று. காய்ந்த இலையைப் பாப்பாவைப் பொறுக்கச் சொல்.